சேய்மை: எதற்குச் சேய்மை?

அடையாற்றில் 1954ஆம் ஆண்டு புற்றுநோய் மருத்துவமனை தோன்றிய காலந்தொட்டுப் பல மாவட்டத்து நோயாளிகளும் இப்பகுதியை நாடி வருகின்றனர். அவர்தம் கையிலுள்ள மருத்துவ அறிக்கைகளோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைந்தவை. அவற்றில் அடிக்கடி தென்படும் சொற்களுள் ஒன்று 'டிஸ்டல்'. இதனைக் 'கீழ்ப்பகுதி' எனக் கொள்வோர் உளர். அது பிழை.

கையைத் தொங்கவிட்டால் விரல்நுனி முழங்கைக்குக் கீழே இருக்கும். தலைக்குமேல் உயர்த்தினால் மேலே இருக்கும். ஆயினும் இருநிலையிலும் விரல்நுனி 'டிஸ்டல்' பகுதியே. உறுப்பு தொடங்கும் இடத்திலிருந்து தொலைவில் உள்ளது என்பதே அதன் பொருள். தொடக்கத்திற்கு அருகில் உள்ளது 'பிராக்சிமல்'.

மனிதன் நிமிர்ந்து நிற்கின்றான். விலங்கோ நாற்காலால் நிற்கின்றது. மேல், கீழ் என்னும் சொற்கள் இரண்டிற்கும் ஒருங்கே பொருந்தா. இக்குழப்பத்தை நீக்கவே எடின்பரோ நகரத்து உடற்கூற்று ஆசிரியர் ஜான் பார்க்ளே 1803இல் புதிய திசைச்சொற்களை முன்மொழிந்தார். விலகி நிற்றலைக் குறிக்கும் இலத்தீன் அடியினின்று 'டிஸ்டல்' பிறந்தது.

இதற்கு நிகரான சொல்லைத் தேடி நாம் அலைய வேண்டுவதில்லை. இகரம் அண்மையையும் அகரம் சேய்மையையும் சுட்டும் என்பது நம் இலக்கண வகுப்பின் பாலபாடம். நம் பள்ளி உயிரியல் நூல்களும் சிறுநீரக நுண்குழல்களை அண்மை, சேய்மை என்றே பிரித்துரைக்கின்றன.

எனினும் ஈண்டு ஒரு வேறுபாடு உண்டு. இலக்கணச் சுட்டிற்குப் பேசுவோனே மூலம்; உடற்கூற்றிலோ மூலம் உறுப்புதோறும் மாறும். கைக்குத் தோளும், காலுக்கு இடுப்பும் மூலம். பற்களுக்கு மூலம் பல்வரிசையின் முன்நடுக்கோடு. ஆதலின் கடைவாய்ப்பல்லின் சேய்மைப் பக்கம் தொண்டையை நோக்கியதாகும். குடலிலோ உணவு செல்லும் வழியே அளவுகோல். ஆகவே, 'எதற்குச் சேய்மை' என்பதையும் உடன் கூறினாலன்றி நோயாளிக்குப் பொருள் விளங்காது. 'தோளிலிருந்து சேய்மைப் பகுதி' என்றால் எழுத்தறியாத முதியவரும் தம் கையைத் தொட்டுக் காட்டுவார்.

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழ் வழியாக மருத்துவம் கற்பித்தார். உடற்கூற்று நூல்களையும் தமிழாக்கினார். கடல் கடந்து வந்தவர் செய்த பணியை இம்மண்ணில் பிறந்த நாம் தொடராதிருப்பது முறையாகுமா?

கலைச்சொல்லாக்கம் அறிவியல் துறையினரின் கடமை மட்டுமே எனத் தமிழ் மாணவர் ஒதுங்கிவிடலாகாது. மருத்துவம் பயிலும் நண்பரோடு அமர்ந்து, அறிக்கைகளில் வழங்கும் ஐம்பது சொற்களுக்கேனும் எளிய விளக்கம் எழுதலாம். ஆசிரியர்கள் அதனைத் திருத்தித் தரலாம். பெரியோர்கள் அச்சிட்டு வழங்கத் துணைநிற்கலாம்.

தம் உடலில் எவ்விடத்தில் கத்தி படப்போகின்றது என்பதைத் தம் தாய்மொழியில் அறிந்தபின் ஒப்பமிடுதல் நோயாளியின் உரிமை. அவ்வுரிமைக்குத் துணைநிற்பதும் தமிழ்த்தொண்டே என்பது நமது துணிபு.