விஷவாயு யாரையும் தாக்குவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

கழிவுநீர்த் தொட்டியில் இறங்கியவர்கள் இறந்துபோகும்போதெல்லாம் உங்கள் நாளிதழ் உட்பட எல்லா நாளிதழ்களும் ஒரே தலைப்பைத்தான் போடுகின்றன: 'விஷவாயு தாக்கிப் பலி'. எங்கிருந்தோ பாம்பு வந்து கடித்துவிட்டதைப் போல. ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிற்சாலைகளில் 30 ஆண்டுகளுக்கு மேல் மேற்பார்வையாளராக வேலை பார்த்தவன் நான். அந்த வாயு எங்கே கிடக்கும், எப்போது கிளம்பும் என்று எங்களுக்கெல்லாம் தெரியும். தெரிந்துதான் ஆளை இறக்குகிறார்கள்.

அதன் பெயர் ஹைட்ரஜன் சல்பைடு. தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடும் சேர்ப்பார்கள். அந்தக் கழிவுநீரில் அமிலம் கலந்த கழிவுநீர் போய்ச் சேர்ந்தால் அந்த நொடியே வாயு கிளம்பும். அமிலமே கலக்காவிட்டாலும், மாதக்கணக்கில் தேங்கிய சேறு அழுகி இதே வாயுவை உண்டாக்கும். வீட்டு செப்டிக் டேங்கில் நடப்பதும் இதுதான். இந்த வாயு காற்றைவிடக் கனமானது என்பதால் அடியிலேயே படுத்துக் கிடக்கும். சேற்றுக்குள்ளும் சிக்கியிருக்கும், ஆள் இறங்கி மிதித்துக் கிளறும்போது மொத்தமாக வெளியே வரும். மூடியைத் திறந்து அரைமணி நேரம் விட்டுவிட்டோம் என்று சொல்வது எதற்கும் உதவாது.

இதைவிடக் கொடுமை நாற்றத்தை நம்புவது. அழுகிய முட்டை வாடை அடிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லாதபோதே அது நாறும். 100 பங்கை எட்டினால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போகும். 500-ஐத் தாண்டினால் நினைவு தப்பும். 1000 பங்கு என்றால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடுவார். 'இப்போ நாத்தம் இல்லை, இறங்கு' என்று எத்தனை பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன்! விளக்கை இறக்கிப் பார்ப்பவர்களும் உண்டு. பிராணவாயு குறைந்தால்தான் விளக்கு அணையும். இந்த வாயு ஆளைக் கொல்லும் அளவுக்கு இருந்தாலும் விளக்கு நின்று எரியும். முகத்தில் கட்டும் துணியும் மருந்துக்கடை மாஸ்க்கும் இதைத் தடுக்கா.

நான் வேலை பார்த்த ஓரிடத்தில், 1990-களில், சேற்றுத் தொட்டிக்குள் இறங்கியவர் சத்தமில்லாமல் சரிந்தார். அவருடைய தம்பி 'அண்ணே' என்று கத்திக்கொண்டே குதித்தார். மூன்றாவதாக ஓடிவந்த பையனை நானும் வாட்ச்மேனும் இடுப்போடு கட்டிப் பிடித்துக்கொண்டோம். அவன் எங்களை அடித்தான், திட்டினான். விட்டிருந்தால் மூன்று பிணங்கள். மேலே கயிறும் இல்லை, மூச்சுக்கருவியும் இல்லை. இப்படிப்பட்ட அடைபட்ட இடங்களில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்களே என்று அமெரிக்க அரசின் தொழில் நல ஆய்வு நிறுவனம் 1986-லேயே எச்சரித்திருக்கிறது. அண்ணன் தம்பி, அப்பா பிள்ளை என்று ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேர் போவது இதனால்தான்.

சட்டம் இல்லையா? 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தின் 36-ஆவது பிரிவு அன்றைக்கே எழுதி வைத்தது: தொட்டிக்குள் வாயு இல்லை என்று தகுதியுள்ளவர் சோதித்துக் கையெழுத்திட வேண்டும்; இல்லையென்றால் இறங்குபவருக்கு மூச்சுக்கருவியும் இடுப்புவாரும் கயிறும் வேண்டும், கயிற்றின் மறுமுனையை வெளியே நிற்பவர் பிடித்திருக்க வேண்டும். பாதுகாப்பு ஏற்பாடின்றிச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது; முதல் குற்றத்துக்கே இரண்டு ஆண்டு வரை சிறை. சாக்கடைச் சாவுக்கான இழப்பீட்டை 2014-இல் 10 லட்சம் என்ற உச்ச நீதிமன்றம், 2023-இல் 30 லட்சமாக உயர்த்தியது. ஆனால் நான் பார்த்த வரையில், தொட்டி வேலையை ஒப்பந்தக்காரர் தலையில் கட்டிவிட்டு முதலாளி ஒதுங்கிக்கொள்வார். இறங்குபவர் பெரும்பாலும் ஊருக்கு வெளியே உள்ள தெருவிலிருந்தே வருவார்.

வாயுவை அளக்கும் சின்னக் கருவி ஒரு நல்ல கைபேசியின் விலைக்குக் கிடைக்கிறது. தோல், சாய, காகித ஆலைகள் அனைத்திலும் அந்தக் கருவி, காற்று ஊதும் விசிறி, மூச்சுக்கருவி, ஆளைத் தூக்கும் முக்காலி ஆகியவை இருக்கின்றனவா என்று தொழிலகப் பாதுகாப்பு இயக்ககம் முன்னறிவிப்பின்றிச் சோதிக்க வேண்டும். இல்லாத ஆலையின் தொட்டியைப் பூட்டி முத்திரை வைக்க வேண்டும். செப்டிக் டேங்குகளுக்கு உறிஞ்சு லாரி போதும், ஆளே வேண்டாம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி இப்படியொரு செய்தி வந்தால், 'விஷவாயு தாக்கி' என்று எழுதாதீர்கள். இறக்கியவர் யார், இறங்குமுன் வாயுவை அளந்தார்களா, எந்தப் பிரிவில் வழக்கு பதிந்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோல் தொழிற்சாலை மேற்பார்வையாளர்,
ராணிப்பேட்டை.