பரணில் கிடக்கும் பூட்ஸ்



தை பிறந்துவிட்டால் நம் பங்குகளில் திருமண அறிக்கைகள் வாசிக்கப்படத் தொடங்கும். பட்டைப் பற்றியும் நகையைப் பற்றியும் வீடுகளில் பேசப்படும் அளவுக்கு மணமகனின் காலணியைப் பற்றி எவரும் பேசுவதில்லை. முந்தின நாள் மாலை திண்டுக்கல்லுக்கு ஓடி, பளபளக்கும் ஒரு ஜோடியை வாங்கி வருகின்றனர். அதே வீட்டுப் பரணில், தகப்பனார் தம் திருமணத்தன்று அணிந்த தோல் பூட்ஸ் பூஞ்சணம் பூத்துக் கிடக்கும். அதனை மீண்டும் அணியத்தக்கதாக்க முடியுமா என ஆத்தூர்ப் பக்கத்துக் குடும்பத்தார் சிலர் நம்மிடம் வினவினர். பெரும்பாலும் முடியும் என்பதே நம் விடை.

முதலாவது, அது தோல்தானா என்று பார்த்தல் வேண்டும். ரெக்சின் உரிந்துவிட்டால் அதற்கு மருந்தில்லை. வெட்டிய ஓரத்தை உற்றுநோக்கினால் உண்மைத் தோலில் நார் நாராகத் தெரியும். ரெக்சினில் துணியும் அதன்மேல் ஒரு பூச்சும் தெரியும். அடிப்பாகத்தையும் பாருங்கள். பாலியூரித்தேன் என்னும் நுரைப் பொருளால் ஆன அடி, அணியாமலே வைத்திருந்தாலும் காற்றின் ஈரத்தால் சில ஆண்டுகளில் பொடியாக உதிரும். “ஒருநாள்கூடப் போடவில்லையே!” என்று பலர் வருந்துவது இதனாலேயே. அது தோலின் குற்றமன்று. மேல்தோல் நன்றாயிருப்பின் ரப்பர் அடி வைத்துத் தைத்துக்கொள்ளலாம்.

பூஞ்சணத்தை வீட்டுக்குள் தட்டாதீர்கள். முற்றத்தில் வைத்துத் தூரிகையால் துடையுங்கள். பின்னர் வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, துணியை அதில் நனைத்து நன்கு பிழிந்து, உள்ளும் புறமும் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் வைப்பதே நம்மவர் செய்யும் பெருந்தவறு. வெயில் தோலிலுள்ள எண்ணெய்ப் பசையை வற்றச் செய்து வெடிக்க வைக்கிறது. உள்ளே பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்தால் ஈரத்தையும் உறிஞ்சும், வடிவத்தையும் காக்கும்.

உலர்ந்தபின் எண்ணெய். இங்கே தாராளம் கூடாது. தேங்காய் எண்ணெயில் ஊறவைத்த பூட்ஸைக் கண்டிருக்கிறோம். தோல் கறுத்துத் தளர்ந்து, அதன்பின் பாலிஷ் பிடிக்கவே இல்லை. துணியில் சில துளி விளக்கெண்ணெய் தொட்டுத் தேய்த்து, ஓர் இரவு விட்டு, எஞ்சியதைத் துடைத்தெடுத்தல் போதும். ஏற்கெனவே விழுந்த வெடிப்பு மறையாது. மேலும் பரவாமல் தடுக்கலாம், அவ்வளவே. பாலிஷையும் மெல்லியதாகப் பூசிப் பத்து நிமிடம் விடுங்கள். அதிலுள்ள கரைப்பான் ஆவியாகி மெழுகு மட்டும் தங்கிய பிறகே தூரிகை போட வேண்டும். (நம் அலமாரிகளில் இருந்த ‘கிவி’ டப்பா 1906-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் பிறந்தது, செய்தவர் தம் மனைவி பிறந்த நியூசிலாந்தின் பறவையை அதற்குப் பெயராக வைத்தார்.)

இத்தனை பாடு எதற்கு, புதியது வாங்கினால் ஆகாதா எனச் சிலர் கேட்கலாம். திண்டுக்கல் மக்கள் அக்கேள்விக்கு விடை அறிவர். தோல் பதனிடும் தொழில் நம் நகரின் பழந்தொழில்களுள் ஒன்று. முற்காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோலைப் பதப்படுத்தினர். பின்னர் வாட்டில் மரப்பட்டை வந்தது. அதற்காகவே நம் கண்ணெதிரே நிற்கும் கொடைக்கானல் மலையின் புல்வெளிகளில் அம்மரங்களை நட்டனர். அதன்பின் குரோமிய உப்பு வந்தது. பல வாரம் எடுத்த பதனிடுதல் சில நாள்களில் முடிந்தது, தோலும் மென்மையாயிற்று. ஆனால் உப்பும் குரோமியமும் கலந்த கழிவுநீர் நிலத்தில் இறங்கிற்று. 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம், வேலூர்க் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தபோது, திண்டுக்கல் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. ஒரு கிணறு உவர்த்துப்போவதற்கு அத்தொகை ஈடாகுமா என்று நாம் எண்ணியதுண்டு. ஆத்தூர் அணையின் நீரைக் குடித்து வாழும் நகரத்தார்க்கு நல்ல தண்ணீரின் அருமையைச் சொல்லித் தரவேண்டியதில்லை. ஒரு ஜோடி பூட்ஸ் இன்னும் பத்து ஆண்டு உழைத்தால், அந்த அளவுக்குப் புதுத் தோல் பதனிடப்படத் தேவையில்லை.

தண்ணீரைப் போலவே மனிதரும் இதில் இருக்கின்றனர். தோலைத் தொட்டு உழைத்தவரைத் தீட்டு என்று ஒதுக்கிய சமுதாயம் நம்முடையது. அவர் தைத்த செருப்பை நாம் அணிந்தோம். அவரோ சில தெருக்களில் செருப்பணிந்து நடக்கலாகாது என்றோம். யூதரிடையேயும் தோல் பதனிடுவோர் இழிவாகக் கருதப்பட்டனர். எனினும் புனித பேதுரு யோப்பா நகரில் பல நாள் தங்கியது, தோல் பதனிடும் சீமோன் என்பவரின் வீட்டிலேதான் எனத் திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. நம் ஊர்களில் அத்தகைய வீடொன்றில் எத்தனை பேர் ஒரு குவளைத் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறோம்?

மேற்சொன்ன குடும்பத்தாரின் பூட்ஸைச் செம்பட்டிச் சாலையோரம் அமர்ந்திருக்கும் ஒரு பெரியவரிடம் நாமே கொண்டுசென்றோம். அடித்தோலின் தையல் விட்டுப்போயிருந்தது. நூலுக்கு மெழுகு தேய்த்து, குத்தூசியால் பழைய துளைகளையே தேடித் தேடி நுழைத்தார். புதுத் துளையிட்டால் தோல் கிழியும் என்றார். குதிகாலுக்கு லாடம் அடித்தார். ஒரு மணி நேர வேலை. அவர் கேட்ட கூலியோ, புது ஜோடியின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. உடன் வந்த இளைஞர் அதிலும் குறைக்கப் பார்த்தார். நாம் அவரைத் தடுத்துவிட்டோம்.

தம் மகன் இத்தொழிலுக்கு வரவில்லை, வரவேண்டாம் எனத் தாமே சொல்லிவிட்டதாகப் பெரியவர் கூறினார். மகன் படித்து வெளியூரில் வேலையில் இருக்கிறாராம். அவர் குரலில் வருத்தம் சிறிதும் இல்லை, பெருமையே இருந்தது. அது நியாயமே.

“உங்களுக்குப் பிறகு இந்தத் தையலைப் போட யார் இருக்கிறார்கள், ஐயா?” என்று கேட்டோம்.

“அடுத்த தையலுக்கு ரொம்ப நாளாகும், சாமி. வெயில்ல மட்டும் வைக்க வேணாம்னு சொல்லுங்க” என்று கூறி, அடுத்த செருப்பைக் கையில் எடுத்தார்.