சதவீதம் சாட்சி ஆகாது

மாணவர் எழுதிய அசைன்மென்ட்டை மென்பொருளில் ஏற்றினால் போதும், அதில் எத்தனை சதவீதம் செயற்கை நுண்ணறிவு எழுதியது என்று அதுவே சொல்லிவிடும். அந்த மென்பொருளுக்குச் சந்தா கட்டி, ஒருநாள் பயிலரங்கு நடத்திவிட்டால் ஆசிரியர்கள் தயார். முதல்வர் அறையிலிருந்து ஆசிரியர் ஓய்வறை வரை வேர்விட்டிருக்கும் நம்பிக்கை இது. இந்த நம்பிக்கை தவறானது மட்டுமல்ல, தானே உட்கார்ந்து எழுதிய பிள்ளையைத் தண்டிக்கக்கூடியது.

சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வந்தது. அதை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு கண்டறியும் கருவியையும் வெளியிட்டது. இயந்திரம் எழுதியவற்றில் 26 சதவீதத்தைத்தான் அது பிடித்தது. மனிதர் எழுதியவற்றில் 9 சதவீதத்தின் மீது வீண்பழி போட்டது. இவை அந்த நிறுவனமே சொன்ன கணக்குகள். துல்லியம் போதாது என்று அதே ஆண்டு ஜூலையில் கருவியை மூடிவிட்டார்கள்.

இந்தக் கருவிகளில் பல எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்துகொண்டால் ஆபத்து இன்னும் தெளிவாகும். ஒரு சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வரும் என்பதை எளிதில் ஊகிக்க முடிந்தால் இயந்திரம் எழுதியது என்றும், ஊகிக்கக் கடினமாக இருந்தால் மனிதர் எழுதியது என்றும் அவை கணிக்கின்றன. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்றவர் எப்படி எழுதுவார்? தெரிந்த சொற்களைக் கொண்டு, பள்ளியில் பழகிய வாக்கிய அமைப்பில், பிழை வந்துவிடக் கூடாதே என்ற கவனத்தோடு எழுதுவார். எளிதில் ஊகிக்கக்கூடிய எழுத்து அதுதான்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளிடம் கொடுத்தார்கள். சராசரியாக 61 சதவீதத்துக்கும் மேலானவை இயந்திரம் எழுதியவை என்று முடிவு வந்தது. 89 கட்டுரைகளை ஏதாவது ஒரு கருவியாவது சந்தேகித்தது. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதியவற்றையோ அதே கருவிகள் ஏறக்குறையச் சரியாகவே அடையாளம் கண்டன. இன்னொன்றும் செய்தார்கள். அந்த டோஃபல் கட்டுரைகளின் சொல்வளத்தைக் கூட்டித் தரும்படி சாட்ஜிபிடியிடமே கேட்டு, திருத்தி வாங்கி மீண்டும் சோதித்தார்கள். தவறான குற்றச்சாட்டு 12 சதவீத அளவுக்கு இறங்கிவிட்டது. சொந்தமாக எழுதியவர் மாட்டிக்கொள்கிறார், இயந்திரத்தைக் கொண்டு மெருகேற்றியவர் தப்பிவிடுகிறார்.

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலவழிக் கல்லூரிக்குள் நுழைகிற, வீட்டில் முதன்முதலாகப் பட்டம் படிக்கிற மாணவியை இங்கே நினைத்துப் பாருங்கள். அகராதியைப் புரட்டி இரவெல்லாம் எழுதிய அவளது நான்கு பக்கங்களுக்கு எதிராக ஒரு சிவப்பு எண் வந்து நின்றால், அவளுக்காக யார் பேசுவார்கள்?

ஹரியானாவில் ஒரு சட்ட முதுகலை மாணவரின் விடையில் 88 சதவீதம் இயந்திரம் எழுதியது என்று கூறித் தேர்ச்சி மறுக்கப்பட்டது. அவர் 2024-இல் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றத்துக்குப் போனார். பிறகு பல்கலைக்கழகமே அவருக்குத் தேர்ச்சி அளித்தது. சட்டம் தெரிந்தவர், வழக்குப் போட முடிந்தது. அகமதிப்பீட்டில் ஐந்து மதிப்பெண் இழப்பவர் எந்த நீதிமன்றத்துக்குப் போவார்?

சதவீதத்தின் மீது நமக்கு இவ்வளவு பக்தி வந்ததற்குக் காரணம் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகள் கருத்துத் திருட்டை 10, 40, 60 சதவீதம் என்று படி பிரித்துத் தண்டனை வகுத்தன. அந்தப் பழக்கத்தோடே இந்தப் புதிய எண்ணையும் படிக்கிறோம். இரண்டும் ஒன்றல்ல. ஒற்றுமை பார்க்கும் மென்பொருள் 40 சதவீதம் என்றால், எந்த நூலிலிருந்து எந்த வரி வந்தது என்று மூலத்தைக் காட்டும். ஆசிரியர் இரண்டையும் பக்கத்தில் வைத்துத் தானே முடிவெடுக்கலாம். செயற்கை நுண்ணறிவுச் சதவீதத்துக்கு மூலம் இல்லை. பக்கத்தில் வைத்துப் பார்க்க எதுவும் இல்லை. அது ஊகத்தின் எண். அதை மறுக்க மாணவருக்கும் வழியில்லை, நிரூபிக்க ஆசிரியருக்கும் வழியில்லை.

“ஒரு சதவீதம்தானே தவறும்” என்பார்கள். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் அந்த ஒரு சதவீதத்தையும் கணக்குப் போட்டுப் பார்த்தது. 2022-இல் அங்கே டர்னிட்டின் என்ற மென்பொருளில் ஏற்றப்பட்டவை 75,000 தாள்கள். ஒரு சதவீதம் என்றால் 750 தாள்கள் மீது பொய்க் குற்றச்சாட்டு. 2023 ஆகஸ்டில் அதிலிருந்த செயற்கை நுண்ணறிவைக் கண்டறியும் வசதியையே அணைத்துவிட்டார்கள்.

மென்பொருள் வேண்டாம், அனுபவமுள்ள ஆசிரியர் படித்தாலே கண்டுபிடித்துவிடுவார் என்பதும் எடுபடாது. பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் இயந்திரம் எழுதிய விடைகளைப் போலி மாணவர்களின் பெயரில் இணையவழித் தேர்வுக்கு அனுப்பி, திருத்துபவர்களுக்குச் சொல்லாமல் சோதித்தார்கள். 94 சதவீத விடைகள் யார் கண்ணிலும் படவில்லை. 2024-இல் வெளியான ஆய்வு இது.

கருவியும் கண்ணும் கைவிட்ட பிறகு, மாற்ற வேண்டியது கேள்வியைத்தான். ஆசிரியருக்குத் தர வேண்டிய பயிற்சியும் அதுதான். இணையத்தில் ஆயிரம் முறை எழுதப்பட்ட தலைப்பைக் கொடுத்து ஐந்து பக்கம் கேட்பதை நிறுத்த வேண்டும். தன் ஊர் ரேஷன் கடையைப் பற்றியோ, தான் ஆய்வகத்தில் எடுத்த அளவீட்டைப் பற்றியோ எழுதச் சொல்லலாம். முதல் வரைவைப் பார்த்து, இடையில் ஒருமுறை பேசி, கடைசியில் எதிரே உட்காரவைத்து “இந்த முடிவுக்கு எப்படி வந்தாய்?” என்று கேட்கலாம். வைவா நமக்குப் புதிதல்ல. செய்முறைத் தேர்வில் ஆண்டாண்டு காலமாக நடத்துகிறோம். எதையும் மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் மூன்று மணி நேரத் தேர்வுக்குத் திரும்பி ஓடத் தேவையில்லை. சிட்னி பல்கலைக்கழகம் மதிப்பீட்டை இரண்டாகப் பிரித்திருக்கிறது: ஒன்று, கண்காணிப்பில் நடப்பது, மற்றொன்று, செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தலாம் என்று வெளிப்படையாக அனுமதிப்பது. இடையில் நின்று வேவு பார்க்கும் வேலை ஆசிரியருக்கு இல்லை.

இதற்கு நேரம் வேண்டும், அது உண்மை. அறுபது பேர் வகுப்பில் ஆளுக்குப் பத்து நிமிடம் பேசினால் பத்து மணி நேரம். கௌரவ விரிவுரையாளர்களின் முதுகில் இந்தப் பத்து மணி நேரத்தையும் சம்பளமில்லாமல் ஏற்றக் கூடாது; பணிநேரக் கணக்கில் சேர்க்க வேண்டும். சந்தாவுக்கு ஒதுக்கும் பணத்தை அதற்குத் திருப்புங்கள். அதுவரைக்கும் ஒரு விதியையாவது கல்விக் குழுவில் நிறைவேற்றுங்கள்: மாணவரிடம் நேரில் பேசாமல், மென்பொருள் தந்த சதவீதத்தை மட்டும் வைத்து யாருடைய ஒரு மதிப்பெண்ணையும் குறைக்கக் கூடாது.