விநோதம் என்னும் திரை

பொஸ்டன் நகரத்துப் பாகு வெள்ளம் உலகின் விநோத நிகழ்ச்சிகளுள் ஒன்றாகவே இன்றும் எழுதப்பட்டு வருகின்றது. இனிப்பில் மூழ்கிய நகரம் என்று கூறி வாசகரைச் சிரிக்க வைப்போர் பலர். 1919 ஜனவரி 15ஆம் திகதி நண்பகலில் நிகழ்ந்த அவ்வெள்ளத்தில் இறந்தோர் 21 பேர்; காயமுற்றோர் ஏறத்தாழ 150 பேர். இறந்தோருள் இருவர் பத்து வயதுச் சிறார். இதிற் சிரிப்பதற்கு யாது உளது?

சீனியைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் கரும்புப் பாகு நீரைப் போன்றதன்று. அதன் அடர்த்தி நீரினதைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. குளிரில் அது தடித்துக் குழாயில் நகர மறுக்கும். சூடேற்றினால் இளகிப் பம்பிக்கு இணங்கும். அதனைக் கையாள்வோர் எவரும் அறியாத இயல்புகள் அல்ல இவை. அறிந்திருந்தும், 15 மீற்றர் உயரமும் 27 மீற்றர் விட்டமும் கொண்ட உருக்குத் தாங்கியொன்று, இத்தாலியக் குடியேறிகள் நெருங்கி வாழ்ந்த நோர்த் எண்ட் பகுதியில் 1915இல் அவசர அவசரமாக எழுப்பப்பட்டது. அது உலகப் போர்க் காலம். பாகிலிருந்து வடிக்கப்படும் மதுசாரம் வெடிமருந்து உற்பத்திக்குத் தேவைப்பட்டது. வேலையை மேற்பார்வை செய்த ஆர்தர் ஜெல் நிதிப் பொறுப்பாளரேயன்றிப் பொறியியலாளர் அல்லர். தாங்கியை நீரால் முற்றாக நிரப்பிப் பார்க்கும் எளிய சோதனையும் தவிர்க்கப்பட்டது. பாகு கசிந்தபோது கம்பனி செய்தது யாது? கசிவு கண்ணிற் படாவண்ணம் தாங்கிக்குக் கபில நிறம் பூசியது!

அக்கால அறிவின் குறைபாடே அழிவுக்குக் காரணம் எனச் சிலர் வாதிடலாம். குளிரில் உருக்கு நொறுங்கும் தன்மை அன்று நன்கு அறியப்படாதது உண்மையே. ஆனால், தகட்டின் தடிப்பு அன்றைய நியமங்களுக்கே போதாததாயிருந்தது. நிரம்பிய தாங்கியின் சுவர் தாங்கவேண்டிய அழுத்தத்தைக் கணிப்பதற்குப் புதிய விஞ்ஞானம் எதுவும் வேண்டியதில்லை. இலாபத்தின் அவசரமே அக்கணக்கைப் போடவிடாது தடுத்தது.

தாங்கி பிளந்தபின், அராஜகவாதிகள் வைத்த குண்டே காரணம் எனக் கம்பனி வாதாடியது. நீதிமன்றம் நியமித்த ஹியூ ஒக்டன் 1925இல் அவ்வாதத்தை நிராகரித்துக் கம்பனியே பொறுப்பெனத் தீர்த்தார். ஆறு இலட்சம் டொலருக்கும் மேல் நட்டஈடு கொடுக்கப்பட்டது. நீதிமன்றத்திற் தோற்ற கம்பனி, விநோதக் கதைகளில் வென்றுவிட்டது. அக்கதைகளில் பாகு உண்டு, அலை உண்டு, குற்றவாளி மட்டும் இல்லை.

இது பழங்கதையுமன்று. 2013 செப்டெம்பரில் ஹொனலூலுத் துறைமுகத்தில், கப்பலுக்குப் பாகேற்றும் குழாய் கசிந்து ஏறத்தாழ 1,400 தொன் பாகு கடலிற் கலந்தது. கனத்த பாகு அடியிற் படிய, ஆயிரக்கணக்கான மீன்கள் மூச்சடைத்து மடிந்தன. குழாயைக் காலந்தோறும் சோதிப்பது யார் கடமை என்ற பழைய வினாவே அங்கும் எழுந்தது.

சொல் நடுநிலையானதன்று. தடுத்திருக்கக்கூடிய மரணத்தை விநோதம் என்பவர், அறிந்தோ அறியாமலோ, கசிந்த தாங்கிக்கு மீண்டும் கபில நிறம் பூசுகின்றனர்.