சங்கத்தின் பெயரும் சகோதரியின் துணையும்

ஜொகூர் பாருவின் தம்போயிலிருந்து தம் புதல்வியைக் கோலாலம்பூருக்கோ பினாங்குக்கோ உயர்கல்விக்கு அனுப்பும் பெற்றோர், அங்கே எந்த மாணவியர் சங்கத்துக்குச் செல்வாக்கு மிகுதி என்று விசாரிப்பார்களாயின், அவ்விசாரணையால் விளையும் பிரயோஜனம் சொற்பமே என்பது என் அபிப்பிராயம். வளாகத்துக்குள் பெரிதாய்ப் பேசப்படும் அந்தத் தரவரிசை, வாயிலைத் தாண்டியதும் செல்லாக் காசாகிவிடுகிறது. ஜொகூர் பாருவில் வேலைக்கு ஆள் தேடும் அதிகாரிக்கு அது ஒரு பொருட்டேயன்று.

ஆயினும், சியாமளா கோபாலன் என்னும் தமிழ்ப் பெண்மணியின் மகளாய்க் கலிபோர்னியாவில் பிறந்த கமலா ஹாரிஸ், தொலைதூர வாஷிங்டனின் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் பயின்றபோது 1986-இல் சேர்ந்த ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா என்னும் மாணவியர் சங்கத்தின் ‘சகோதரிகள்’ எனப்படும் உறுப்பினர் பலர், 2020-இலும் 2024-இலும் அவர் அமெரிக்கத் தேர்தலில் நின்ற வேளையில் உற்சாகத்தோடு துணைநின்றனரே என்று ஆட்சேபிக்கலாம். அவ்வாட்சேபத்துக்கு விடை, 1908-இல் கறுப்பின மாணவியர் நிறுவிய அச்சங்கத்தின் அமைப்பிலேயே இருக்கிறது: பட்டதாரிகளுக்கென்றே தனிக் கிளைகள் அமைத்து, உறவையும் சேவையையும் ஆயுட்பரியந்தம் தொடரச் செய்ததனாலேயே அதன் பெயர் கல்லூரிக்கு வெளியிலும் மதிப்புப் பெற்றது.

ஆகவே, ஊர்விட்டுச் செல்லும் பெண், முதல் மாதத்தின் தனிமையில் தன்னை விசாரிப்பவர் யார், பட்டம் பெற்றுப் பத்தாண்டு கழிந்தும் தன் கடிதத்துக்குப் பதில் எழுதுபவர் யார் என்று பார்த்துச் சங்கத்தைத் தேர்ந்துகொள்வதே விவேகம்.