பி.டி. பீரியடைத் திருடியவன் பேசுகிறேன்

நண்பர்களே, கொஞ்சம் நீளமான பதிவு. திட்டுவதாக இருந்தாலும் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

தினமும் காலை ஐந்து மணிக்குக் கண்மாய்க் கரை ரோட்டில் ஓடுகிறேன். வயது 66. பார்க்கிறவர்கள் கேட்பது ஒரே கேள்வி: "எதுக்கு சார் இந்த வயசுல?" சுகரா, டாக்டர் சொன்னாரா, பரிசு ஏதும் தருவார்களா? எதுவும் இல்லை என்றால் என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறார்கள்.

அந்தக் கேள்வி மேல் எனக்குக் கோபம். அதில் பாதி என் மேலேயேதான். மார்க் கிடைக்காத எதையும் செய்யாதே என்று இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுத்ததே என்னைப் போன்ற வாத்தியார்கள்தானே!

34 வருடம் இடைநிலை ஆசிரியராக வேலை பார்த்தேன். கால அட்டவணையில் விளையாட்டுக்கென்று பாடவேளை இருக்கும். அட்டவணையில் மட்டும்தான் இருக்கும். அந்த நேரத்தில் போர்டில் வகுத்தல் கணக்கு எழுதிப் போடுவேன். பிள்ளைகள் ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்தால், "அங்கே என்ன பார்வை?" என்று அதட்டுவேன். பெற்றோர்கள் என்னைப் பொறுப்பான வாத்தியார் என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

போன மாதம் கரையில் ஒருவர் சரக்கு வேனை நிறுத்தி வணக்கம் வைத்தார். நாற்பது வயதிருக்கும். பழைய மாணவர். மதியச் சாப்பாட்டு மணி அடித்தால் மைதானத்தின் அந்தக் கோடியை முதலில் ஓடித் தொடுகிற பையன். இப்போது தொப்பை, பிரஷர் மாத்திரை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "அப்ப எங்கள ஓட விடல. இப்ப நீங்க மட்டும் ஓடுறீங்களே சார்!" எனக்குப் பதில் வரவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு என் கதை என்ன? மணியடித்தே வாழ்ந்தவனுக்கு மணியில்லாத வீடு. இரண்டு வருடம் டி.வி., வாட்ஸ்அப். தினமும் ஊக்கப் பேச்சு வீடியோ கேட்பேன். ஒன்று முடிந்ததும் இன்னொன்றைத் தேடுவேன், அவ்வளவுதான். எழுந்து ஓடியதில்லை.

ஊக்கம் வந்த பிறகு ஓடலாம் என்பது சுத்தப் பொய். அடுப்பைப் பற்றவைக்காமல் உலை கொதிக்குமா? டாக்டரிடம் காட்டிவிட்டுத் தொடங்கினேன். ஒரு கரண்ட் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை ஓட்டம், அதற்கடுத்த கம்பம் வரை நடை. முதல் நாள் நாலு கம்பம். ஆறாவது மாதம் ஐந்து கிலோமீட்டர். இரண்டாவது வருடம் 21 கிலோமீட்டர் அரை மாரத்தானை முடித்தேன். கடைசி ஆட்களில் ஒருவன். தண்ணீர் கொடுத்த பிள்ளைகள் மேசையை மடக்கிக்கொண்டிருந்தார்கள். பணி நிறைவு விழாவில் போட்ட பொன்னாடையில் கிடைக்காத நிறைவு அன்று கிடைத்தது.

"வயசானவன் புலம்பல்" என்பவர்களுக்கு ஃபௌஜா சிங்கைச் சொல்கிறேன். பஞ்சாப் விவசாயி. மனைவியையும் பிறகு மகனையும் இழந்த துக்கத்தில் இங்கிலாந்தில் ஓடத் தொடங்கியவர். 2000-இல் லண்டனில் முதல் மாரத்தான் ஓடியபோது வயது 89. 2011-இல், நூறு வயதில், டொராண்டோவில் 42.195 கிலோமீட்டரை எட்டு மணி நேரத்துக்கு மேல் எடுத்து முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லையென்று கின்னஸ் அந்தச் சாதனையைப் பதியவில்லை. அதனால் அவர் கால் நடந்த தூரம் குறைந்துவிடுமா? சான்றிதழுக்காக ஓடியிருந்தால் அன்றோடு உட்கார்ந்திருப்பார். அதற்குப் பிறகும் 2013 வரை பந்தயங்களில் ஓடினார்.

"ஓடினால் மூட்டு தேயும் சார்" என்பீர்கள். அளவாக ஓடுகிறவர்களுக்கு மூட்டுத் தேய்மானம், ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களைவிட அதிகமில்லை என்றே ஆய்வுகள் சொல்கின்றன. "பொதுத்தேர்வு முக்கியமாச்சே" என்பீர்கள். முக்கியம்தான். நான் திருடிய நேரத்தில் எத்தனை பிள்ளைக்குக் கூடுதலாகக் கணக்கு வந்தது? ஏற்கெனவே வருகிறவனுக்கு வந்தது. வராதவன் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் கணக்கும் போச்சு, மைதானமும் போச்சு.

நெடுந்தூர ஓட்டத்தில் பிட் அடிக்க முடியாது. பக்கத்து இலையைப் பார்த்து வேகம் கூட்டினால் பாதி வழியில் மூச்சு வாங்கும். நேற்றைய தன்னோடு மட்டும் போட்டி போடக் கற்றுக் கொடுக்கிற பாடம் இது. இதைவிட வேறென்ன கல்வி வேண்டும்?

ஆசிரிய நண்பர்களே, அந்தப் பாடவேளையைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். பெற்றோர்களே, பி.டி. பீரியடிலும் கணக்கு நடத்துகிற வாத்தியாரைப் பாராட்டாதீர்கள். பள்ளிக்குப் போய்க் கேள்வி கேளுங்கள். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் திருந்தியிருப்பேன்.

வேன்காரரை ஞாயிற்றுக்கிழமை கரைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். நாலு கம்பம் போதும் என்றேன். "வர்றேன் சார்" என்றிருக்கிறார். இந்த முறை அவர் முன்னால் ஓடட்டும், நான் பின்னால் வருகிறேன்.