டாக்ஸியில் மீட்டர் எங்கே? பெயரில் மட்டும்தான்!

செங்கல்பட்டு ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் காதில் விழும் கேள்வி இது: "மகாபலிபுரமா சார்? டிராப்பா, அப் அண்ட் டவுனா?"

மாமல்லபுரத்துக்கு ரயில் கிடையாது. திருக்கழுக்குன்றம் வழியாக சுமார் 30 கி.மீ. சாலைப் பயணம்தான். பஸ்ஸை விட்டால் வண்டி பேச வேண்டும். இங்கே கார் எடுப்பதற்கு 'பேசுவது' என்றுதான் சொல்கிறார்கள். காரணம், வாடகையை முடிவு செய்வது பேச்சுதான்.

ஆனால் டாக்ஸி என்ற சொல்லுக்குள் இருப்பதே மீட்டர்தான். 'டாக்ஸா' என்றால் லத்தீனில் கட்டணம். கட்டணத்தை அளக்கும் கருவி 'டாக்ஸிமீட்டர்'. லண்டனில் 1907-ல் இந்தக் கருவி கட்டாயமானது. 'டாக்ஸிமீட்டர் கேப்' சுருங்கி டாக்ஸி ஆகிவிட்டது. (கேப் தனிக்கதை. குதிரை இழுத்த 'கேப்ரியோலே' வண்டியின் சுருக்கம் அது. ஆட்டின் துள்ளலைக் குறிக்கும் சொல்லில் இருந்து வந்த பெயர். குண்டும் குழியுமான ரோட்டில் போனவர்களுக்குப் புரியும்.)

இந்தச் சொல் போகாத ஊர் இல்லை. மலாயில் 'டெக்சி', துருக்கியில் 'டக்சி', ஜப்பானில் 'டகுஷி'. 2022 செஸ் ஒலிம்பியாடுக்காக 180-க்கும் மேற்பட்ட நாடுகளின் வீரர்கள் மாமல்லபுரம் வந்தார்களே, அவர்களில் பெரும்பாலானோருக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படாத சொல் இது. ஒதுங்கி நிற்கும் மொழிகளும் உண்டு. ஐஸ்லாந்து மொழியில் டாக்ஸிக்குப் பெயர் 'லெய்குபில்', அதாவது வாடகைக் கார். அப்படியே நம்ம 'வாடகைக் கார்'! மீட்டர் ஓடாத ஊருக்கு இந்தச் சொல்தான் நேர்மையானது. ஆப்பில் புக் செய்தால் மட்டும் தொகை முன்பே போனில் தெரிந்துவிடும்.

நேரில் பேசும்போது பணத்தைத் தீர்மானிக்கும் சொற்கள் வேறு. 'டிராப்' என்றால் போக மட்டும். ஆனால் வண்டி காலியாகத் திரும்பும் செலவையும் சேர்த்துத்தான் பெரும்பாலும் கேட்பார்கள். கடற்கரைக் கோயில், ஐந்து ரதம் என்று சுற்றினால் 'வெயிட்டிங்' ஏறும். 'பேட்டா' டிரைவருக்கான நாள் படி. இது வாடகையில் சேர்த்தியா, தனியா என்று ஏறும்போதே கேட்காவிட்டால் இறங்கும்போது சண்டைதான்.

இதைவிட முக்கியமானது 'டி போர்டா, ஓன் போர்டா' என்பது. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து இருந்தால் வாடகைக்குப் பதிவான வண்டி. வெள்ளைப் பலகை சொந்த உபயோகத்துக்கு மட்டும். சீசனில் ஓன் போர்டு கார் கொஞ்சம் சல்லிசாகவே கிடைக்கும். ஆனால் பர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்துக்கு விரோதம். வழியில் விபத்து என்றால் இழப்பீடு தர இன்ஷூரன்ஸ் கம்பெனி தகராறு செய்யவும் இடமுண்டு. மிச்சம் பிடித்த சில நூறு ரூபாய் அப்போது உதவாது.

மின்சாரக் கார் என்றால் பலகை பச்சை. அதில் எழுத்து மஞ்சளாக இருந்தால் வாடகை வண்டி, வெள்ளையாக இருந்தால் சொந்த வண்டி.